பூஞ்சை என்று சொன்னது

திரையில் எண் நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தது. ஆயிரத்து நானூற்று நாற்பது வரை போக வேண்டும். வினாடிக்கு ஒன்று என்று வைத்தாலும் இன்னும் இருபத்துமூன்று நிமிஷம் என்று இருதயராஜ் மனக்கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் அவருக்கு முதலில் வந்தது நிம்மதி, அதற்கு அடுத்தபடியாகத்தான் வெட்கம். இருபத்துமூன்று நிமிஷத்துக்கு மெஷின் எதையும் காட்டாது, ஆகவே மேடம் எதையும் கேட்க மாட்டார். நேற்றுச் சாயங்காலம் கரண்ட் போனபோது இது ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஓ.எஸ். அப்படிப்பட்டது, முறையாகச் சொல்லிக்கொண்டு மூடாமல் பட்டென்று நிறுத்திவிட்டால் அடுத்த தடவை எழுந்ததும் ஃப்ளாப்பியைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்து, எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் மறுவேலை பார்க்கும். இப்போதைய கம்ப்யூட்டர்கள் இதைக் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். இதுவோ முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் வீட்டுப் பிள்ளைகள் விளையாடவென்று விற்ற கம்ப்யூட்டர், விசைப்பலகைக்குள்ளேயே மொத்த உடம்பும் அடக்கம், பழைய பெட்டி டி.வி.யில் சொருகினால்தான் அதற்கு முகம் வரும். அதன் மேல் இன்றைக்கு உலகத்தில் பத்திருபது பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் ஓப்பன் சோர்ஸ் ஓ.எஸ். ஒன்றை ஏற்றி ஓடவைத்ததுதான் இருதயராஜ் ஐம்பத்தெட்டு வயதில் செய்த ஒரே சாதனை. அந்தச் சாதனையின் முன்னால் இப்போது அவர் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் மெஷினின் சொந்தக்காரர், புள்ளியியல் துறையில் இருந்து ஓய்வுபெற்ற மங்கையர்க்கரசி மேடம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எண் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நிறுத்த முடியாதா சார்?" என்று கேட்டார் மேடம்.

"நிறுத்தக் கூடாது மேடம். பாதில விட்டா ஃப்ளாப்பி போயிரும்."

பொய். ஒரு விசையை அழுத்தினால் நின்றுவிடும், ஃப்ளாப்பிக்கு ஒன்றும் ஆகாது. இந்தச் சின்னப் பொய்யைக்கூட யோசிக்காமல் நாக்கு சொல்லிவிட்டதே, ஒரு பெரிய பொய்யை வீட்டுக்குள் விட்டால் அது தன் சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து குடியேறிவிடுகிறது என்று அவருக்குத் தோன்றியது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. டிரைவுக்குள் ஃப்ளாப்பி கரகரவென்று அரைத்தது. அந்தச் சத்தம் ஒரு காலத்தில் அவருக்குச் சங்கீதம். இன்று பல்லில் மணல் மாதிரி இருந்தது. இதெல்லாம் மனைவி ஸ்டெல்லா செய்த வேலை. கண் ஆஸ்பத்திரி வரிசையில் மேடத்தைப் பார்த்தாளாம், வாங்க மேடம், உங்க கம்ப்யூட்டரை அவர் ஓட வெச்சுட்டார், போன்லயே எத்தனை பேர் வெளிநாட்டிலிருந்து பாராட்டுறாங்க தெரியுமா, சனிக்கிழமை வாங்க என்று அழைத்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னாள். முப்பது வருஷமாக அவருடைய பைத்தியங்களைச் சகித்துக்கொண்டவள், ஒரு நாள் அதைப் பாராட்டலாம் என்று நினைத்தாள், அந்த நாளைப் பார்த்து நினைத்தாள். அவளை என்ன சொல்ல முடியும். அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் ஆறு மாதமாக அவர் சாப்பிடும் சோற்றில் கலந்திருந்தது.

டிசம்பர் முதல் வாரம் மேடம் வீட்டுக்குப் போனது, அது நல்ல நாள், அதுவரைக்கும் நினைக்கலாம், அதுவரைக்கும் குற்றமில்லை. தொலைபேசித் துறையில் அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் மேடத்துக்குப் பக்கத்து வீடு, அவர் சொல்லித்தான் போனார். பழைய கம்ப்யூட்டர் என்றால் உயிரை விடுகிற ஒருத்தர் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார் போல, மேடம் ஏற்கெனவே மெஷினைத் துடைத்துக் கட்டிலில் வைத்திருந்தார். தம்பி சிங்கப்பூரிலிருந்து எண்பத்தேழில் அனுப்பியது என்றார். தம்பி இப்போது இல்லை. பிள்ளைகள் விளையாடட்டும் என்று தம்பி அனுப்பினார், வீட்டில் பிள்ளை ஏது, நான் ஒருத்தி, ஆபீஸ் விட்டு வந்து என்ன செய்வது என்று இதைப் போட்டு நோண்டினேன் என்றார். அதில் இங்கிலீஷ்தான் வரும். தமிழ் வந்தால் என்ன என்று தோன்றியதாம். ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டுக்கு எட்டு கட்டம், எந்தக் கட்டம் கறுப்பு எது வெள்ளை என்று ஆபீசில் மிஞ்சிய கட்டத் தாள்களின் முதுகில் வரைந்து, எண்ணாக மாற்றி, ஏற்றி, டி.வி.யில் பார்த்து, ழகரம் ளகரமாகத் தெரிகிறது என்று அழித்து, மறுபடி வரைந்து, இரண்டு வருஷம். ஒரு மணி நேரம் இதைத்தான் சொன்னார், காப்பி ஆறிப்போனது, இருதயராஜ் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆபீசுக்கு எடுத்துப்போய்ப் பெரிய அதிகாரிக்குக் காட்டினாராம். அவர் பார்த்துவிட்டு, ஏம்மா, விளையாட்டுச் சாமானுக்குத் தமிழ் எதுக்கு என்று சிரித்தாராம். அன்றைக்குக் கட்டி உள்ளே வைத்தவர்தான். எல்லாம் இதில் இருக்கிறது சார், படிக்குதான்னு பாருங்க, ஒரு தடவை மறுபடியும் பாத்துட்டாப் போதும் என்று அந்த அட்டைப்பெட்டியை, ஃப்ளாப்பிப் பெட்டியை, அவர் கையில், இரண்டு கையாலும் பிடித்து. வேண்டாம். எண் நூற்று ஐந்து.

ஸ்டெல்லா காப்பி கொண்டுவந்தாள். "மேடம், சக்கரை கம்மியா போட்டிருக்கேன், பாருங்க. என்னங்க, இன்னும் ஓடலையா? நேத்தெல்லாம் சட்டுன்னு வந்துச்சே."

"செக் பண்ணுது. வரும்" என்றார் இருதயராஜ்.

"எல்லாருக்கும் ஒரு செக்கப்பு" என்று ஸ்டெல்லா சிரித்தாள். மேடமும் சிரித்தார். அப்புறம் ஸ்டெல்லா குக்கர் விசிலுக்குப் போய்விட்டாள்.

படிக்கவில்லை என்றுதானே அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். அந்த ஃப்ளாப்பியைச் சொருகியதும் புது ஓ.எஸ்.ஸை ஏற்றும் புரோகிராம், இதில் எனக்குத் தெரிந்தபடி எதுவும் இல்லை என்றது. இல்லை என்று மெஷினே சொன்னது, நான் சொல்லவில்லை. இந்த இடத்தில் அவருடைய நினைப்பு வழக்கம்போலக் கால் இடறி நின்றது. ஆறு மாதமாக இதே இடத்தில் இடறுகிறது. எனக்குத் தெரிந்தபடி எதுவும் இல்லை என்பதற்கும் எதுவும் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவரா அவர்? பழைய மெஷின் தன் பாணியில் எழுதிய ஃப்ளாப்பியைப் புது ஓ.எஸ். பார்த்தால் அப்படித்தான் சொல்லும், தமிழ் தெரியாதவன் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்துக் கிறுக்கல் என்று சொல்வது மாதிரி. பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்களின் இணையக் குழுவில் புதிதாக வருகிற பொடியன்களுக்கு இதை எத்தனை தடவை எழுதியிருக்கிறார். பழைய ஃப்ளாப்பி கையில் கிடைத்தால் முதல் வேலை நகல், இரண்டாவது வேலை நகல், மூன்றாவதாகத்தான் ஆசை என்று அவர் எழுதியதை ஒருத்தர் குழுவின் முகப்பிலேயே ஒட்டி வைத்திருக்கிறார், அவர் பெயரோடு. இன்னும் இருக்கிறது. குழுவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வரி அவரை முதலில் கும்பிட்டு வரவேற்கிறது. நகல் எடுக்கக் கேபிள் ஒன்று வேண்டியிருந்தது, ஆர்டர் போட்டிருந்தார், திங்கட்கிழமை வரும் என்றது கூரியர். ஞாயிற்றுக்கிழமை அவசரம் வந்தது. போலந்துக்காரர் ஒருவர், தோமாஷ் என்று பெயர், இதே மெஷினில் இதே ஓ.எஸ்.ஸை ஏற்ற முயன்றுகொண்டிருந்தார். ஞாயிறு மத்தியானம் அவர் ஒரு படம் போட்டார், திரையில் இரண்டு வரி வந்து நின்றிருந்தது. இரண்டு வரி வந்துவிட்டால் மீதி வர இரண்டு நாள். இருதயராஜ் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மெஷின் கைக்கு வந்த நாளிலிருந்து இதற்கென்றே கண் எரிய உட்கார்ந்தவர். தன்னிடம் இருந்த ஃப்ளாப்பிகள் எல்லாம் கோடு விழுந்தவை, கடையில் இப்போது எவன் ஃப்ளாப்பி விற்கிறான், மேசை மேல் அந்த அட்டைப்பெட்டி நிறைய, ஒரு கீறல் இல்லாமல், எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார் அந்தம்மா.

இருநூற்று முப்பது. மேடம் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார். "அப்பவும் இப்படித்தான் சார். ஏத்திட்டு உக்காந்தே இருக்கணும். நான் அந்த நேரத்துல கீரை ஆஞ்சிடுவேன்" என்றார். இருதயராஜ் ஆமாம் என்பதுபோல் ஒரு சத்தம் போட்டார். அவருக்குக் காது மடல் சுட்டது. பத்திரமாக வைத்திருந்தார், ஆமாம், ஒவ்வொன்றின் நெற்றியிலும் பேர் ஒட்டி வைத்திருந்தார், நீல மையில், உருட்டி உருட்டி. உயிர். மெய். க-ங வரிசை, ச-ஞ வரிசை. தெரியாமல் செய்தேன் என்று இனி யாரிடம் சொல்வது? பேரைப் படித்தார். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, படித்து, அதன் மேல் தன்னுடைய வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் கர்னல் என்றும் ரூட் என்றும் புது ஓ.எஸ்.ஸின் பாகங்களுடைய பேரை எழுதினார். காலி என்று நம்பியவன் எதற்குப் பேரை மறைத்து ஒட்டுகிறான்? அழித்தது என்றால் சும்மா மேலோட்டமாக அல்ல, இந்த ஓ.எஸ்.ஸுக்கு வேறு அளவில் கோடு போட வேண்டும், ஓரத்திலிருந்து நடு வரைக்கும் உழுதுவிட்டது. பின்னால் ராத்திரி பகலாகத் தேடிப் பார்த்தார், ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. அன்று சாயங்காலம் திரையில் இந்த ஓ.எஸ். எழுந்து நின்று அவருடைய பேரைக் கேட்டபோது அவர் அழுதார், அதுவும் உண்மை, சந்தோஷத்தில் அழுதார், ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினார். தோமாஷ்தான் முதல் ஆளாக வாழ்த்து எழுதினார், பொறாமை இல்லாத மனுஷன். இப்போது டிரைவுக்குள் அரைபட்டுக்கொண்டிருப்பது எது, ஸ்டிக்கருக்கு அடியில் என்ன வரிசை, த-ந வரிசை என்று நினைக்கிறார். மேடம் அதை ஒரு தடவை வெளியே எடுத்துக் காட்டுங்கள் என்று சொன்னால் போதும். ஸ்டிக்கரின் ஒரு மூலை வெயிலுக்கு எழும்பியிருக்கிறது, நேற்றே பார்த்தார், பசை போட்டு அழுத்த வேண்டும் என்று நினைத்தார், நினைத்ததற்கு வெட்கப்பட்டு அழுத்தாமல் விட்டார், அழுத்தாமல் விட்டதற்கு இப்போது பயப்படுகிறார்.

பூஞ்சை என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது? ஜனவரியில் மேடம் போன் செய்தார், பொங்கல் கழிந்து, சார் படிச்சுதா என்றார். மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார் இருதயராஜ். ஒரு வினாடிகூட ஆகவில்லை. இல்லை மேடம், பூஞ்சை பிடிச்சிருச்சு, உள்ளே தட்டு பூரா வெள்ளையா, டிரைவ்ல போட்டா டிரைவும் கெட்டுரும், தூக்கித்தான் போட வேண்டியதாப் போச்சு. அது நம்பும்படியான பொய், நம் ஊரில் ஃப்ளாப்பிகளுக்குப் பூஞ்சை பிடிப்பதுதான், நூற்றுக்கு ஐம்பது அப்படித்தான் போகும். மேடம், ஓ அப்படியா, சரி சார், உங்களுக்குத்தான் வீண் சிரமம் என்றார். வைத்துவிட்டார். அதோடு வரவில்லை, போன் இல்லை. மறந்துவிட்டார் என்று இருதயராஜ் எடுத்துக்கொண்டார். வயதாகிவிட்டது, எழுபத்து மூன்றில் யார் இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிறார்கள் என்று, தன் வசதிக்கு அவரைக் கிழவியாக்கி வைத்துக்கொண்டார். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம், அடுத்தவர் பொருளைக் கவனக்குறைவால் சேதப்படுத்தினேன் என்றார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு அந்தக் கூண்டுக்குள் போனால் வாய் தானாக நல்ல தமிழ் பேசும், பாவம் எல்லாம் சலவை செய்து இஸ்திரி போட்ட மாதிரி வெளியே வரும். சாமியார் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னார். மூன்று மந்திரத்தில் முடிகிற காரியம்தான் என்று வெளியே வந்து இளநீர் குடித்தார். பிப்ரவரியில் ஒரு வாரம் தானே வரைந்து பார்த்ததை மட்டும் சாமியாரிடம் சொல்லவில்லை. எட்டுக்கு எட்டில் தமிழ் எழுத்துகளை வரைந்து, மேடம், ஒரு ஃப்ளாப்பி மட்டும் எப்படியோ தப்பியது என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் என்ன என்ற யோசனை. ககரம் வந்தது. டகரம், பகரம் சுலபம். ஞகரத்தில் இரண்டு நாள் போனது, சுற்றினால் கட்டம் போதவில்லை, சுற்றாவிட்டால் அது ஞ இல்லை. ணை வந்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். இதை ஒரு பெண், ஆபீஸ் விட்டு வந்து, கீரை ஆய்ந்துகொண்டு, கேட்கவும் பாராட்டவும் ஆள் இல்லாமல், முடித்திருக்கிறாள். அழித்தது என்னவென்று அந்த வாரம்தான் அவருக்குத் தெரிந்தது.

அறுநூற்றுப் பதினெட்டு. மின்விசிறி அனலைச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்று இருக்கிறது, அதை அவர் எந்தக் கூண்டிலும் சொன்னதில்லை, தனக்குள்கூட வரி வரியாகச் சொல்லிப் பார்த்ததில்லை. அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று குழுவில் கேட்டார்கள். தமிழ் காட்டப் போகிறேன் என்று எழுதினார். நூறு பேர் கைதட்டினார்கள். தோமாஷ் ஒரு கேள்வி கேட்டார், மரியாதையான கேள்வி, இந்த மெஷினில் இதற்கு முன் யாராவது தமிழ் கொண்டுவந்திருக்கிறார்களா, இருந்தால் அவர்கள் பேரையும் போட வேண்டும் அல்லவா என்று. இருதயராஜ் இரண்டு விரலால் பதில் அடித்தார். எனக்குத் தெரிந்து யாருமில்லை. எனக்குத் தெரிந்து. அந்த இரண்டு வார்த்தையை எதற்குச் சேர்த்தோம் என்று அவர் பலமுறை யோசித்திருக்கிறார், நாளைக்கு யாராவது பிடித்தால் நழுவுவதற்கு ஒரு சந்து. கருவாட்டைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிற பூனைக்குக்கூட இவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. ஃப்ளாப்பியை அழித்தது ஆசையில் என்று வைத்துக்கொள்ளலாம். இது எதில்? அந்தப் பதிலை அடித்தபோது பக்கத்தில் யாரும் துரத்தவில்லை, அவசரம் இல்லை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்ட சுகத்தில் உட்கார்ந்து அடித்தார். விளையாட்டுச் சாமானுக்குத் தமிழ் எதுக்கு என்று சிரித்த அதிகாரியாவது, அவள் செய்தாள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சார்" என்றார் மேடம்.

"சொல்லுங்க மேடம்."

"நான் ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். ஸ்டெல்லா இருக்கும்போது சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு." அவர் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டிருந்தார். "ஃப்ளாப்பி கெட்டதுக்கு நான்தான் காரணம்."

இருதயராஜ் தொடைக்கு நடுவிலிருந்து கையை எடுத்தார்.

"கீழ் அலமாரில வெச்சிருந்தேன். சமையல்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம். மழை வந்தா அந்தச் சுவர் ஓதம் அடிக்கும். தெரிஞ்சும் வெச்சேன் பாருங்க. மேல் தட்டுல வைக்க ஏணி போடணும்னு சோம்பல். நீங்க எவ்வளவு ஆசையா வாங்கிட்டுப் போனீங்க, உங்க கைல குப்பையைக் குடுத்திருக்கேன். அதான் அப்புறம் போன் பண்ணலை. உங்க முகத்துல முழிக்கவே வெக்கமா இருந்துச்சு. ஸ்டெல்லா கூப்பிடலைன்னா வந்திருக்கவே மாட்டேன்."

எழுநூற்று எண்பது. எழுநூற்று எண்பத்தொன்று. இருதயராஜ் படவேண்டிய வெட்கத்தை அந்தம்மாள் ஜனவரியிலிருந்து சுமந்துகொண்டிருந்தார். அவர் இளநீர் குடித்த அன்று மேடம் சமையல்கட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார், ஈரமா ஈரமா என்று. அது அப்படியில்லை மேடம் என்று சொல்ல வேண்டிய இடம் இது, இதைவிட வசதியான இடம் ஆயுசுக்கும் கிடைக்காது, வாயைத் திறந்தால் போதும். வாய் திறந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லை மேடம், நம்ம ஊர் கிளைமேட் அப்படி, யார் வெச்சாலும் கெடும்" என்று சொன்னது. ஆறுதல் சொன்னது! தன் குரலில் இருந்த அந்த நல்லவன் தொனியைக் கேட்டு அவருக்கே குமட்டியது. பெருந்தன்மையாக மன்னித்துவிட்டாராம். மேடம் தலையை ஆட்டிக்கொண்டார், சமாதானம் ஆகவில்லை, ஆனால் மரியாதைக்கு ஆட்டினார். எண் ஏறிக்கொண்டே இருந்தது. எண்ணூறு, எண்ணூற்று ஐம்பது. இது முடிந்தால் திரையில் வரவேற்பு வரும், இருதயராஜ் நாலு கட்டளை அடித்துக் காட்டுவார், மேடம் நல்லா இருக்கு என்பார், சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விடுவார். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் கேட்க யாரும் இல்லை. மேடத்துக்கு வயது எழுபத்து மூன்று. அவருக்கு அப்புறம் அந்த எழுத்துகள் இருந்தது தெரிந்தவர் ஒருத்தர்தான், தெரிந்தவர் வாயைத் திறக்க மாட்டார். தொள்ளாயிரத்து நாற்பது. இப்படியே விட்டுவிடலாம் என்று அவர் தீர்மானித்தார், தீர்மானம் செய்து, செய்த தீர்மானத்தின் லேசான சுகத்தில் காலை நீட்டிக்கூட உட்கார்ந்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டார்.

"அந்தக் கட்டத் தாள் எல்லாம் அப்பவே போட்டுட்டீங்களா மேடம்? வரைஞ்சது?"

"அப்ப எங்க போட்டேன். ட்ரங்குப் பெட்டில அடுக்கி வெச்சிருந்தேன், ஒரு தாள் குறையாம." மேடம் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "இப்ப ஜனவரிலதான் போட்டேன். உங்களுக்குப் போன் பண்ணினதுக்கு அடுத்த வாரம். பழைய பேப்பர்காரன் வந்தான், எடுத்துட்டுப் போயிருன்னு குடுத்துட்டேன். நான் வெச்சா எது உருப்படும், அதையும் பூச்சிதான் திங்கப் போவுதுன்னு ஒரு கோபம். அவன் தராசுல வெச்சப்பகூட ஒரு நிமிஷம் திரும்ப எடுக்கக் கை போச்சு. சரி போகட்டும்னு விட்டுட்டேன்."

இருந்தது. ஜனவரியில் இருந்தது. மாடிப்படியில் அவர் நின்றுகொண்டிருந்தபோது அந்தம்மாள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் அத்தனை எழுத்தும் ஒரு தாள் குறையாமல் இருந்தது. அழித்துவிட்டேன் மேடம், மன்னியுங்கள் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், அழுதிருப்பார், அப்புறம் தாளை எடுத்துக் கொடுத்திருப்பார், ஒரு மாதத்தில் திரும்ப ஏற்றியிருக்கலாம், அதே ஞ, அதே ணை. ஃப்ளாப்பியை அழித்ததோடு நின்றிருந்தால் எதுவும் அழிந்திருக்காது. அழித்தது அந்த ஒரு வார்த்தை. ஓ.எஸ். இல்லை, தோமாஷ் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. எண் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, எப்போது தாண்டியது என்று தெரியவில்லை. எழுந்து பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வரலாமா, ஸ்டெல்லாவைக் கூப்பிடலாமா, மெஷின் ஒயரைப் பிடுங்கிவிடலாமா, இதயம் வலிக்கிறது என்று சொல்லலாமா, வலிக்கத்தான் செய்தது. நல்ல தமிழ் ஒன்றும் வரவில்லை. கவனக்குறைவு, சேதம், எந்த வார்த்தையும் வரவில்லை.

"பூஞ்சை இல்லை மேடம்" என்றார்.

மேடம் திரும்பிப் பார்த்தார்.

"பூஞ்சை பிடிக்கலை. நான் பொய் சொன்னேன். எல்லாம் நல்லா இருந்துச்சு. எனக்கு ஃப்ளாப்பி இல்லை, இதை ஏத்துறதுக்கு. உங்களதை அழிச்சு எடுத்துக்கிட்டேன். இப்ப ஓடிட்டிருக்கிறது உங்களதுதான். பேர் பாத்தேன், பாத்துட்டுத்தான் செஞ்சேன். இதுக்கு முன்னாடி யாரும் தமிழ் பண்ணலைன்னு வேற எழுதிட்டேன், எல்லாருக்கும். நீங்க சொன்னதெல்லாம் கேட்டுட்டு வந்து."

சமையல்கட்டில் ஸ்டெல்லா எதையோ தாளித்தாள். மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று இருதயராஜ் காத்திருந்தார், வந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"நான் வெச்ச இடத்துல கெடலையா?"

"கெடலை மேடம்."

"ஓதம் இறங்கலையா?"

"ஒரு கீறல் இல்லை. புதுசு மாதிரி இருந்துச்சு."

"அப்ப நான் கெடுக்கலை" என்றார் மேடம். அந்த முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, உண்மையான சந்தோஷம், தோள் இறங்கி, மூச்சு விட்டு, உதட்டோரம் லேசாகச் சிரிப்புகூட வந்தது. அதைப் பார்க்க வேண்டியிருந்ததுதான் இருதயராஜுக்குக் கிடைத்த தண்டனைகளில் பெரியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். சந்தோஷம் எவ்வளவு நேரம் இருந்தது என்று அவருக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது இல்லை. மேடம் திரைக்குத் திரும்பியிருந்தார், கண்ணாடிக்குப் பின்னால் கண் சுருங்கி, கணக்குப் பார்க்கிற கண்ணாக இருந்தது, முப்பது வருஷம் அட்டவணை சரிபார்த்தவர்.

"சார், அழிக்கிறதுக்கு முன்னாடி அது கேக்குமா? அழிக்கட்டுமான்னு?"

"கேக்கும்."

"எல்லாத்துக்கும் சேத்து ஒரு தடவையா?"

"இல்லை மேடம். ஒவ்வொரு ஃப்ளாப்பிக்கும் தனித்தனியா கேக்கும். நாம பதில் சொல்லாம அடுத்ததுக்குப் போகாது."

"பதினொண்ணு இருந்துச்சு" என்றார் மேடம். கைப்பையின் வாரை விரலிலிருந்து அவிழ்த்தார். பிறகு அவர் பக்கம் திரும்பாமலே, குரலை உயர்த்தாமல் கேட்டார். "பதினோரு தடவையும் ஆமான்னீங்களா?"

"ஆமா மேடம்" என்றார் இருதயராஜ்.